மென்பொருளை முதலில் வாங்கிவிட்டேன்: கிளிநொச்சியிலிருந்து ஒரு சொக் 2 அனுபவம்

2023 ஒக்டோபர் கடைசியில் வந்த ஒரு ஈமெயிலோடு இது தொடங்கியது. கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, பதினொரு பேராகச் சேர்ந்து ஒரு சிறிய சொவ்ட்வெயார் கொம்பனி நடத்துகிறோம். பெரும்பாலானவர்கள் அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படித்தவர்கள், இரண்டு பேர் வவுனியாப் பல்கலைக்கழகம். எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் பிரித்தானியாவில் உள்ள ஒரே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு நேர அட்டவணை போடும் மென்பொருள் அவர்களுடையது. அதைக் கட்டுவதும் பராமரிப்பதும் நாங்கள். அடுத்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் எங்களிடம் சொக் 2 டைப் 2 அறிக்கையோ (வாடிக்கையாளரின் தரவை ஒரு கொம்பனி பாதுகாப்பாக வைத்திருக்கிறதா என்று வெளியாள் சோதித்துத் தரும் அறிக்கை) அதற்கு இணையான ஒன்றோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை மீளப் பார்க்க வேண்டி வரும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே 214 கேள்விகள் கொண்ட ஒரு எக்செல் தாள். பத்தாவது கேள்விக்கு வரும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கொழும்பில் பெரிய கொம்பனிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வன்னியில் இதைச் செய்து முடித்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. அன்று யாராவது அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பேசியிருந்தால், எனக்குப் பல மாதங்களும் முப்பது இலட்சம் ரூபாய் அளவில் காசும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

தேடத் தொடங்கினால் கண்ணில் முதலில் படுவது, இந்த வேலையைத் தானாகச் செய்து தருவதாகச் சொல்லும் மென்பொருட்கள்தான். தனியுரிமை, பாதுகாப்பு, கொம்ப்ளையன்ஸ் (விதிகளுக்கு இணங்கி நடப்பது) மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தித் தருகிறோம் என்கிற கொம்பனிகள் இப்போது வேகமாக வளர்கின்றன. நான் பேசியதும் அப்படி ஒன்றோடுதான். விற்பனைக்காரர் நல்ல மனிதர். நாற்பது நிமிடம் திரையைக் காட்டினார். சிவப்பாக இருந்த வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. "சில வாரங்களில் ஒடிட்டுக்கு ரெடி ஆகிவிடுவீர்கள்" என்றார். ஒரு வருடத்துக்கு 7,200 டொலர், முழுவதும் முன்பணம், மாதம் முடிவதற்குள் கையொப்பமிட்டால்தான் அந்த விலை. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 23 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். எங்களிடம் அவ்வளவு காசு இல்லை. இலண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகனிடம் கேட்டேன். அண்ணா தன்னுடைய கிரெடிட் காட்டில் கட்டினார்; ஐந்து மாதமாகத் திருப்பிக் கொடுத்தேன். கையொப்பமிட்ட அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். பெரிய பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது.

முதல் பிழை அதுதான். வாடிக்கையாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கினேன். "அல்லது அதற்கு இணையானது" என்று அவர்கள் எழுதியிருந்ததை நான் வாசித்தும் வாசிக்காத மாதிரி கடந்துவிட்டேன். சொக் 2 என்பது அமெரிக்கக் கணக்காளர் சங்கம் வகுத்த முறை. அமெரிக்க வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பது. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் பலருக்கு ஐஎஸ்ஓ 27001 என்ற சர்வதேசத் தகவல் பாதுகாப்புத் தரம்தான் பழக்கமானது. எட்டு மாதம் கழித்து, அவர்களுடைய பாதுகாப்புப் பொறுப்பாளரோடு வேறு ஒரு விடயம் பேசும்போது, "உங்களிடம் ஐஎஸ்ஓ இருந்திருந்தால் எங்களுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கைகால் சோர்ந்துவிட்டது. உங்களுக்கு இப்படி ஒரு ஈமெயில் வந்தால், அன்றே திருப்பி எழுதிக் கேளுங்கள்: எந்தச் சான்று வேண்டும், கொம்பனி முழுவதற்கும் வேண்டுமா அல்லது உங்களுக்காகச் செய்யும் வேலைக்கு மட்டுமா, திகதி தள்ளிப்போனால் இடைக்காலத்தில் எதை ஏற்பீர்கள், முதலில் டைப் 1 தந்தால் போதுமா. டைப் 1 என்றால் ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் (தரவைக் காக்க நாங்கள் வைத்திருக்கும் நடைமுறைகள்) சரியாக அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது. டைப் 2 என்றால் அவை சில மாதங்கள் ஒழுங்காக நடந்தனவா என்று பார்ப்பது. இந்த நான்கு கேள்விக்கும் பதில் வரும்வரை ஒரு டொலரும் கட்டக்கூடாது.

மென்பொருளை எங்கள் கிளவுட், நிரல்களை வைக்கும் கிட்ஹப், கூகிள் ஈமெயில் கணக்குகளோடு இணைத்தோம். முதல் நாளே 137 சிவப்பு. அதைப் பார்த்துப் பயந்துபோனேன், ஆனால் இங்கே அந்த மென்பொருளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். 2021இல் எங்களிடம் வேலை செய்துவிட்டு பிரான்சுக்குப் போன ஒரு தம்பியின் கணக்கு அப்போதும் உயிரோடு இருந்தது, அதுவும் எல்லாவற்றையும் அழிக்கக்கூடிய உரிமையோடு. அவன் நல்ல பிள்ளை, ஒன்றும் செய்ய மாட்டான். ஆனால் அவனுடைய பாஸ்வேர்ட் வேறு யாருடைய கைக்காவது போயிருந்தால்? நாலு பேர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு மூன்று பேரிடம் மட்டும்தான் இருந்தது. இதையெல்லாம் நானே ஒரு நாள் இருந்து எழுதிப் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். யாரிடம் எந்தத் திறப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. அதைச் செய்யாமல் ஐந்து வருடம் கொம்பனி நடத்தியிருக்கிறேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மூன்றாவது நாள் கண்டது இதைவிட மோசம். அமேசான் கிளவுட்டில் ஒரு பழைய சேமிப்புப் பக்கெட் (கோப்புகளைப் போட்டு வைக்கும் இடம்) வெளியுலகத்துக்குத் திறந்து கிடந்தது. 2023 ஏப்ரலிலிருந்து அமேசான் புதிய பக்கெட்டுகளுக்கு எல்லாம் வெளியாருக்குத் திறக்கவிடாத பூட்டைத் தானாகவே போட்டுத் தருகிறது. எங்களுடையது 2021இல் ஒரு ஸ்க்ரிப்ட் மூலம் உருவாக்கியது. உள்ளே சோதனைக்காக எடுத்த தரவுப் பிரதி. சோதனைத் தரவு என்று நாங்கள் நினைத்திருந்ததில் நானூற்றுச் சொச்சம் உண்மையான முதியவர்களின் பெயரும் முகவரியும், எத்தனை மணிக்குப் பராமரிப்பாளர் வருவார் என்பதும் இருந்தன. தனியாக இருக்கும் ஒரு வயதான மனிசியின் வீட்டில் எந்நேரம் ஆள் இல்லை என்பது அந்தக் கோப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை யோசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உடனே பூட்டினோம். யாராவது எடுத்தார்களா என்று பார்க்கப் போனால், அந்தப் பக்கெட்டுக்கு யார் வந்து போனார்கள் என்ற பதிவு எடுக்கும் வசதியை நாங்கள் போடவே இல்லை. எடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது, எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த இரவு எட்டு மணிக்கு மூன்று பேர் மேல்மாடியில் இருந்தோம். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். அவனில் குற்றம் இல்லை. பதினொரு குடும்பத்தின் சம்பளம் அவன் கண்ணில் தெரிந்தது. நான் இலண்டன் அண்ணாவுக்கு எடுத்தேன். அவர், "டேய், இப்பவே சொல்லு. பிறகு தெரிய வந்தா வேலையும் போகும், பேரும் போகும்" என்றார். ஒன்பதரைக்கு வாடிக்கையாளருக்கு எழுதினேன். என்ன கிடந்தது, எப்போதிலிருந்து, என்ன செய்தோம், எது தெரியாது என்று நாலு பந்தி. ஜிடிபிஆர் என்ற தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் இப்படியான மீறலை அறிந்து 72 மணித்தியாலத்துக்குள் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும், ஆபத்து வர வாய்ப்பில்லை என்று காட்ட முடிந்தாலொழிய. அவர்களுக்காக வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் தாமதமின்றி அவர்களிடம் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் எனக்கு அன்று முழுதாகத் தெரியாது. ஒன்பது நாள் கேள்வி மேல் கேள்வி. அவர்களே மிச்சத்தை முடிவெடுத்தார்கள். பிறகு பாதுகாப்புப் பொறுப்பாளர் எழுதிய ஈமெயிலை இன்னும் வைத்திருக்கிறேன்; உடனே சொன்னபடியால்தான் எங்களோடு தொடர்வதாக அதில் இருக்கிறது. ஏதாவது கண்டுபிடித்தால் மூடிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பூட்டுவதற்கு முன் திரையைப் படம் எடுத்து நேரத்தைக் குறித்து வையுங்கள், பதிவு எடுக்கும் வசதியை எல்லாப் பக்கெட்டுக்கும் இன்றே போடுங்கள், உண்மையான தரவைச் சோதனைக்குப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

அப்புறம் கொள்கை ஆவணங்கள். மென்பொருளில் இருபத்திநாலு மாதிரிகள் தயாராக இருந்தன. கொம்பனிப் பெயரைப் போட்டு, கையொப்பமிட்டு, ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் பச்சையாக்கினேன். இது நான் செய்ததில் மிகவும் விலை கூடிய பின்னேரம். ஒரு ஆவணத்தில், ஒவ்வொரு காலாண்டும் எல்லா உரிமைகளையும் மீளாய்வு செய்வோம் என்று இருந்தது. இன்னொன்றில், பணிப்பாளர் சபை வருடத்துக்கு நாலு தரம் பாதுகாப்பு அறிக்கையைப் பார்க்கும் என்று இருந்தது. எங்களுக்குப் பணிப்பாளர் சபை என்று ஒன்றுமில்லை, நானும் என் நண்பனும்தான். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்குகளை 24 மணித்தியாலத்தில் மூடுவோம் என்றும் நானே கையொப்பமிட்டிருந்தேன். ஒடிட்டர் வந்து கேட்டது வேறெதையும் அல்ல, நான் எழுதிக் கொடுத்ததைத்தான். எழுதியதைச் செய்தாயா, காட்டு. அவ்வளவுதான். பெப்ரவரியில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு, நாங்கள் உண்மையில் என்ன செய்கிறோமோ அதைத் தமிழில் பேசி, பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதினோம். இருபத்திநாலு ஆவணம் ஒன்பதாகக் குறைந்தது. அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களைப் பதிய மாதிரி ஆவணம் மின்னட்டை முறை பற்றிப் பேசியது. நாங்கள் கீழ்க் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வாசலில் வைத்தோம். அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினோம், ஒடிட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

லப்டொப் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு லப்டொப்பிலும் ஒரு சிறிய ப்ரோகிராம் போட வேண்டும், அது டிஸ்க் குறியாக்கம், ஸ்க்ரீன் லொக், அப்டேட் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். எங்களில் ஐந்து பேர் சொந்த லப்டொப் பாவித்தார்கள், அதில் ஒன்றில் தங்கச்சி ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். கொம்பனி கண்காணிப்பதை வீட்டுக்காரரின் மெசினில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் பாவித்த லப்டொப் ஐந்தை வாங்கினோம். வின்டோஸ் ஹோம் பதிப்பில் டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லொக்கரை முழுதாக நிர்வகிக்க முடியாது, ப்ரோவுக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் ஒரு லப்டொப், குறியாக்கத்தைத் திறக்கும் மீட்புச் சாவியைக் கேட்டது. அதை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. நாலு நாள் வேலை போனது. குறியாக்கம் போடும் அன்றே மீட்புச் சாவியை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

இனிச் சொல்லப் போவது எனக்கு இன்னும் கஷ்டமான பகுதி. மென்பொருளின் பட்டியலில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் "பின்னணி விசாரணை" என்று ஒரு வட்டம் இருந்தது. அதனோடு இணைந்த வெளிநாட்டுச் சேவைகள் இலங்கைக்கு வேலை செய்யவில்லை. சரி, பொலிஸ் கிளியரன்ஸும் கிராம சேவையாளரின் நற்சான்றிதழும் எடுத்து ஸ்கான் பண்ணி ஏற்றுங்கள் என்று எல்லோருக்கும் ஒரு ஈமெயில் போட்டேன். மூன்று பேர் அந்தக் கிழமையே ஏற்றினார்கள். நாலாவது, எங்கள் டெஸ்டராக வேலை செய்யும் விசுவமடுத் தங்கச்சி, ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அம்மா பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு ரெக்சீன் பை. 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரை கொண்டுபோய்க் கொண்டுவந்த பையாம். காணி உறுதி, கல்யாணப் பதிவு, குடும்ப அட்டை எல்லாம் அதற்குள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் வழியில் தொலைந்து, பிறகு அலைந்து அலைந்து எடுத்தவர். "தம்பி, பிள்ளைக்கு வேலை தந்தனியள், அது சந்தோசம்தான். ஆனா இப்ப ஏன் எங்கட விபரத்தைத் திரும்பவும் பதியினம்? ஆர் பாக்கப் போகினம்? எங்க கொண்டுபோய் வைக்கினம்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. எங்கே வைக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. நானும் யுத்தம் முடிந்த பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தவன்தான். ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து ஒருவர் பெயரை எழுதும்போது வரும் பயம் எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் அதே வேலையை, காரணமும் சொல்லாமல், என் சொந்தப் பிள்ளைகளிடம் ஒரு ஈமெயிலில் செய்திருக்கிறேன். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன், அதுவரை ஒன்றும் தர வேண்டாம் என்று அனுப்பினேன். அன்றிரவு ஒப்பந்தத்தை முதல்முறையாக முழுதாக வாசித்தேன். சேமிப்பு அமெரிக்காவில். கணக்கை மூடினாலும் எப்போது அழிப்பார்கள் என்பது நாலாவது இணைப்பில் ஒரு வரியில் இருந்தது.

பிறகு தெரிந்துகொண்டது இது: சொக் 2 முறை, பொலிஸ் அறிக்கைதான் வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆளைத் தகுதி பார்த்து எடுத்தாயா என்பதுதான் கேள்வி, எப்படிப் பார்ப்பாய் என்பதை நீங்களே எழுதலாம். ஐஎஸ்ஓவிலும் ஆளைச் சரிபார்ப்பது சட்டத்துக்கும் வேலையின் ஆபத்துக்கும் ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். எங்கள் நாட்டிலேயே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் தரவு எடுக்கக்கூடாது, அதை எதற்கு எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்கிறது. தனியுரிமைச் சான்று எடுக்கப் போய் என் பணியாளர்களின் தனியுரிமையைத்தான் முதலில் மறந்தேன். இப்போது எங்கள் முறை எளிது. படிப்பித்தவர் ஒருவர், முன்பு வேலை கொடுத்தவர் ஒருவர், இரண்டு பேரோடும் பேசுவோம். பட்டச் சான்றிதழை நேரில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். "இன்ன திகதி பார்த்தேன்" என்று ஒரு வரியும் கையொப்பமும் மட்டும் கோப்பில் இருக்கும். ஒடிட்டருக்கு அது போதுமாக இருந்தது. ஒரு கருவி கேட்கிறது என்பதற்காக ஊர்ப் பிள்ளைகளின் தாள்களை வாங்கி ஏற்றாதீர்கள்.

ஒடிட்டர் என்று சொன்னேனே, அவருக்கான காசு அந்த 7,200 டொலரில் இல்லை. இதை நான் 2024 பெப்ரவரியில்தான் அறிந்தேன். மென்பொருள் ஆதாரங்களைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். சொக் 2 அறிக்கையை உரிமம் பெற்ற கணக்காளர் நிறுவனம் மட்டும்தான் தரலாம், அது தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம். முதலில் கேட்ட விலை 14,000 டொலர். ஏனென்றால் பாதுகாப்பு, கிடைக்கும் தன்மை, செயலாக்கத்தின் நேர்மை, இரகசியம், தனியுரிமை என்ற ஐந்து பிரிவையும் நான் தெரிவு செய்திருந்தேன், கூட இருந்தால் நல்லது என்று நினைத்து. கட்டாயமானது பாதுகாப்பு மட்டும்தான். அதோடு இரகசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டதும் 8,500க்கு வந்தது, சுமார் 26 இலட்சம் ரூபாய். இதைவிட ஊடுருவல் சோதனைக்கு (எங்கள் மென்பொருளுக்குள் வெளியார் நுழைய முடியுமா என்று முயன்று பார்ப்பது) 3,000 டொலர். இந்த மூன்று விலையையும் ஒரே நாளில் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள். மென்பொருளின் விலை மட்டும் பார்த்துவிட்டு இது எனக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்லாதீர்கள்.

டைப் 2க்கு அவதானிப்புக் காலம் வேண்டும். மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை போகும். எங்களுக்கு மார்ச் 1 முதல் மே 31 வரை. மென்பொருள் வாங்கிய நாளிலிருந்து நாள் எண்ணத் தொடங்கியிருந்தேன், ஆனால் கட்டுப்பாடுகள் உண்மையில் நடக்கத் தொடங்கும் நாளில் இருந்துதான் அந்தக் காலம் ஆரம்பம். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை போனது போனதுதான். ஏப்ரலில் புத்தாண்டு லீவுக்குள் ஒருவன் கட்டாருக்கு வேலை கிடைத்துப் போனான். கணக்கை மூடியது ஆறாவது நாள். நாங்கள் எழுதியது ஒரு வேலை நாள். சிவப்பு. அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையை ஒளிக்காமல் சொல்கிறேன்: விலகல் கடிதத்தின் திகதியை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நடக்காத இரண்டு கூட்டத்துக்குக் குறிப்பும் எழுதத் தொடங்கினேன். என் நண்பன் பார்த்துவிட்டு, "பக்கெட் விடயத்தில உண்மை சொன்ன நாங்கள் இதுக்கு ஏன் பொய் சொல்லுறம்?" என்றான். அழித்தேன். ஒடிட்டரிடம் நடந்ததைச் சொன்னோம். அது அறிக்கையில் விதிவிலக்காக, அதாவது எழுதியபடி நடக்காத ஒன்றாக, ஒரு பந்தியில் வந்தது, அதன் கீழே நாங்கள் என்ன திருத்தினோம் என்ற எங்கள் பதிலும் வந்தது. அறிக்கை அதனால் நின்றுபோகவில்லை. ஒரு விதிவிலக்கும் இல்லாத அறிக்கைதான் வேண்டும் என்று நான் பயந்துகொண்டிருந்த மூன்று கிழமை வீண்.

பச்சை வட்டங்கள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளரின் தரவு இலண்டனில் உள்ள சேர்வரில்தான் இருக்கிறது, அதனால் தரவு நாட்டை விட்டு வெளியே போகவில்லை என்று 214 கேள்வித் தாளில் எழுதியிருந்தேன். அது பிழை. கிளிநொச்சியில் இருந்து திரையில் திறந்து பார்த்தாலே அது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக்கு அனுப்பியதாகத்தான் கணக்கு. பிரித்தானியாவின் பார்வையில் இலங்கை போதுமான பாதுகாப்புள்ள நாடு என்ற பட்டியலில் இல்லை, ஆகவே 2022 மார்ச் 21 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தரவு மாற்ற ஒப்பந்தமோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாதிரி ஒப்பந்தத்தோடு சேர்க்கும் பிரித்தானிய இணைப்போ போன்ற ஒன்று கையொப்பமாக வேண்டும். அது எங்களுக்கு இருக்கவே இல்லை. வாடிக்கையாளரின் சட்டத்தரணிதான் மே மாதம் கண்டுபிடித்தார். மென்பொருளில் அந்த இடத்தில் "தரவு இருப்பிடம்: பிரித்தானியா" என்று பச்சையாக இருந்தது. கருவி பார்ப்பது சேர்வரை. யார் எந்த ஊரில் இருந்து அதைத் திறக்கிறார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்தது 2024 ஜூலை நடுப்பகுதியில். இரண்டு கிழமை பிந்தி. அதற்குள் சம்பளக் கணக்கிடும் பகுதியை வாடிக்கையாளர் வேறு ஒரு கொம்பனிக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்கான வேலை அது. மற்றதெல்லாம் எங்களிடமே இருக்கிறது. அந்தக் களைப்பில் ஒப்பந்தத்தின் இன்னொரு வரியைத் தவறவிட்டேன்: முடிவதற்கு 60 நாள் முன் எழுதி அறிவிக்காவிட்டால் தானாக இன்னொரு வருடம் நீளும். செப்டெம்பர் நடுவில் எழுதியிருக்க வேண்டும், நான் எழுதியது ஒக்டோபரில். ஒரு மாதம் கடிதம் எழுதி, பாதியாகக் குறைத்து 3,600 டொலர் கட்டினேன், பத்தரை இலட்சம். கட்டியதைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த வருடம் ஐஎஸ்ஓ 27001 செய்தோம். 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். எது எங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். இந்த முறை மாதிரி ஆவணத்தைத் தொடவில்லை, எங்கள் ஒன்பதையும் வைத்தே செய்தோம். 2025இல் ஒடிட்டின் முதற் கட்டமும் இரண்டாம் கட்டமும் முடிந்து சான்றிதழ் கிடைத்தது. மூன்று வருடத்துக்குச் செல்லும், வருடா வருடம் வந்து பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்த மாதிரி மென்பொருளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது அறுபது பேர், பத்துப் பதினைந்து கிளவுட் சேவை, வருடம் முழுக்க வாடிக்கையாளர் கேள்வித்தாள் என்றால் அது இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். எங்களைப் போல பதினொரு பேருக்கு ஒரு எக்செல் தாளும், நாட்காட்டியில் நினைவூட்டலும், கிளவுட்டிலேயே இலவசமாக இருக்கும் சில எச்சரிக்கைகளும் போதும்.

2025 நவம்பரில் அந்தக் கணக்கை மூடினோம். மூடுவதற்கு முன் எல்லா ஆதாரங்களையும் இறக்கி எடுத்தோம். மூடிய பிறகு கேட்டால் கிடைக்காது, அடுத்த ஒடிட்டுக்குத் தேவைப்படும். பிறகு, முதல் கிழமையிலேயே ஏற்றப்பட்ட அந்த மூன்று பேரின் பொலிஸ், கிராம சேவையாளர் தாள்களையும், எங்கள் எல்லோருடைய அடையாள அட்டை எண்களையும் அழித்து எழுத்தில் உறுதி தரும்படி கேட்டேன். இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. டிசெம்பரில் கடிதம் வந்தது. அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, கொம்பனி முத்திரை குத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விசுவமடுவுக்குப் போனேன். அந்தத் தங்கச்சியின் தாள் அங்கே போகவே இல்லை, பெயரும் அட்டை எண்ணும் மட்டும்தான் போனது. என்றாலும் விசாரித்து வந்து சொல்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன், இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. அம்மா திண்ணையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப அங்க இனி ஒண்டும் இல்லையோ, தம்பி?"

"பக்அப்பில் இருக்கிறதும் தொண்ணூறு நாளில அழியும் எண்டு எழுதித் தந்திருக்கினம் அம்மா. மார்ச்சில திரும்பக் கேட்டுச் சொல்லுறன்."

தாளை நாலாக மடித்து, உள்ளே போய் அந்த ரெக்சீன் பையை எடுத்து வந்து, காணி உறுதியோடு வைத்தார்.